அக்கி வந்தவரைச் சந்தேகிக்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 66 வயது, பல வருடமாகச் சர்க்கரை நோய். சென்ற வியாழக்கிழமை வலது விலாவில் எரிகிறது என்றார். தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டேன். சனிக்கிழமை முதுகிலிருந்து மார்புவரை சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிட்டது. மறுநாள் மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு “ஹெர்பிஸ் வைரஸ்” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அதில் போட்டிருந்ததைப் படித்த பிறகு அவரோடு பேசவே இல்லை. அவர் தட்டு, துணி எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டேன். மருமகளுக்கு ஏழாம் மாதம், எங்களோடுதான் இருக்கிறாள். இரண்டு வாரத்தில் வளைகாப்பு. அவரை ஜொகூரில் இருக்கும் அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? தஞ்சாவூரில் இருக்கும் என் அக்கா, “மாத்திரையெல்லாம் சூடு, அக்கி எழுதினால் போதும், காவி அனுப்புகிறேன்” என்கிறாள். அவரும் ஐந்து வேளை மாத்திரையை மூன்று வேளைதான் போடுகிறார். எனக்கு வயது 61. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வரும். மற்றபடி எனக்கு எந்த வியாதியும் கிடையாது. நானும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருமகளைப் பற்றிக் கேட்டதற்கு, கடிதம் வந்த அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் பதில் அனுப்பிவிட்டேன். இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமில்லை அது. இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் கணவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு வந்திருக்கும் அக்கி எந்தப் பெண்ணிடமிருந்தும் வரவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருக்குப் போட்ட சின்னம்மையிலிருந்து வந்தது.

ஹெர்பிஸ் என்பது ஒரே ஒரு கிருமி இல்லை. அது ஒரு பெரிய வைரஸ் குடும்பம். அதில் மனிதரைத் தொற்றுபவை எட்டு. ஆறாவதை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டால் ஒன்பது. நீங்கள் கைப்பேசியில் படித்தது அவற்றில் ஒன்றைப் பற்றி, உடலுறவால் பரவி அந்தரங்க உறுப்பில் புண் உண்டாக்கும் வைரஸைப் பற்றி. உங்கள் கணவருக்கு வந்திருப்பது வேறொன்று. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸும் இதே குடும்பம்தான். இன்னொன்று இளைஞர்களுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரச் செய்யும்; இங்கே சீனர்களிடையே அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்புண்டு. கைக்குழந்தைகளுக்கு மூன்று நான்கு நாள் கடுமையாகக் காய்ந்து, காய்ச்சல் விட்டதும் உடம்பெல்லாம் ரோஜா நிறத்தில் தடிக்குமே, அதற்கும் இந்தக் குடும்பத்து வைரஸ்தான் காரணம். வளர்ந்த மனிதர் யாரை எடுத்தாலும் இவற்றில் ஒன்றிரண்டாவது உடம்புக்குள் இருக்கும். எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கிறது. உங்களுடையதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு குணம் உண்டு. ஒருமுறை உள்ளே புகுந்தால் வாழ்நாள் முழுக்க வெளியே போகாது. சின்னம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தழும்பெல்லாம் மறைந்த பிறகும் அந்த வைரஸ் சாவதில்லை. நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. நீறு பூத்த நெருப்பாக ஐம்பது, அறுபது வருடம்கூட அங்கே கிடக்கும். வயது ஏறி, அதை அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்பணுக்கள் தளரும்போது ஏதாவது ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த ஒரே நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது என்பது அமெரிக்கக் கணக்கு.

இதை உறுதியாக எடுத்துச் சொன்னவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. தம் ஊரில் அக்கி வந்தவர்களை 16 வருடம் விடாமல் குறித்துவைத்து, இது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்வதில்லை, பழைய சின்னம்மை உள்ளிருந்து எழுவது என்று 1965-இல் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. ஒரு குடும்ப மருத்துவர் தம் நோயாளிகளைக் கவனமாகப் பார்த்தே இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம்.

இன்றிரவு அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி நீங்களே பாருங்கள். முதுகின் நடுக்கோட்டருகே தொடங்கி, விலாவைச் சுற்றி ஒரு பட்டையாக முன்னே வந்து, நெஞ்சின் நடுவில் நின்றிருக்கும். வலது பக்கம் மட்டும்தான் இருக்கும். ஒரு நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் போகிறது. அதனால் அந்தக் கோட்டைத் தாண்டாது. அந்தரங்க உறுப்பில் வரும் ஹெர்பிஸ் இப்படி விலாவைச் சுற்றிப் பட்டை போடாது. கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எரிச்சல் தொடங்கியதும் அக்கியில் வழக்கமாகக் காணும் அடையாளம். தைலம் தேய்த்ததால் வந்ததோ என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் இனி அந்த இடத்தில் தைலம் படக்கூடாது.

மாலை போல உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று நம் ஊரிலும் சொல்வார்கள். உங்கள் மாடியில் இருக்கும் சீன அண்டை வீட்டாரைக் கேட்டால் அவர்கள் இதைப் “பாம்பு” என்பார்கள்; தலையும் வாலும் சேரக்கூடாது என்று அவர்களும் சொல்வார்கள். முனைகள் சேர்வதைப் பற்றிய பயம் வேண்டாம். ஆனால் பட்டைக்கு அப்பால், உடம்பில் அங்கங்கே கொப்புளம் தெறித்தாற்போல் வந்தால் எதிர்ப்புச்சக்தி மிகவும் குறைந்திருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி மருமகள். அக்கி உள்ளவரிடமிருந்து யாருக்கும் அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீரில் வைரஸ் இருக்கிறது. இதுவரை சின்னம்மை வராதவர், தடுப்பூசியும் போடாதவர் அந்த நீரைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது வந்தால் நுரையீரல்வரை பாதிக்கலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரையான இடைவெளியில் தாய்க்கு அம்மை கண்டால் பிறக்கும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

ஆகவே முதல் கேள்வி: உங்கள் மருமகளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா? அவர் அம்மாவிடம் இன்றே கேளுங்கள். “போட்டது, நன்றாக ஞாபகம் இருக்கிறது” என்றால் பெரும்பாலும் பயமில்லை. சந்தேகமாகச் சொன்னால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலர் சின்னம்மை வராமலேயே பெரியவர்களாகிவிடுகிறார்கள். இந்தியாவில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிகளில் சின்னம்மை ஊசி கிடையாது. எனவே அங்கே வளர்ந்து இங்கே வந்த மருமகள்கள் விஷயத்தில் நான் ரத்தத்தைப் பார்க்காமல் தைரியம் சொல்வதில்லை. அவருக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, “வீட்டில் அக்கி வந்தவர் இருக்கிறார், எனக்கு எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லச் சொல்லுங்கள். நேரே போய்க் காத்திருப்பு அறையில் உட்கார வேண்டாம். அங்கே மற்ற கர்ப்பிணிகள் இருப்பார்கள். எதிர்ப்புச்சக்தி இல்லை என்று தெரிந்தால், தொற்றுக்கு ஆளான பத்து நாளுக்குள் தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போடலாம்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அல்லது வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக்கூடாது. குழந்தை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கணவரை ஜொகூருக்கு அனுப்ப வேண்டாம். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரைதான் அது தொற்றும். பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து நாள். அதுவரை புண் மூடியிருக்க வேண்டும். வீட்டில் சட்டையில்லாமல் கைலியோடு உட்கார்ந்து செய்தி பார்க்கும் பழக்கம் நம் ஆண்களுக்கு உண்டு. இந்தப் பத்து நாள் அது கூடாது. ஒட்டாத கட்டுத்துணி மருந்தகத்திலேயே கிடைக்கும். அதை வைத்து மேலே தளர்வான பருத்திச் சட்டை போட்டால் போதும். துண்டும் போர்வையும் தனியாக இருக்கட்டும். சலவை இயந்திரத்தில் வழக்கமான சோப்புத்தூளே போதும். தட்டையும் குவளையையும் பழைய இடத்திலேயே வையுங்கள். இது சாப்பிடும் தட்டில் பரவுவதில்லை. மருமகளுக்கு எதிர்ப்புச்சக்தி இல்லை என்று தெரிந்தால் மட்டும், பொருக்குக் கட்டும்வரை இருவரும் தனித்தனி அறையில் இருக்கட்டும்.

வளைகாப்பை இப்போதே ஒத்திப்போட வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். மருமகளுக்கு எதிர்ப்புச்சக்தி இருந்தால் குறித்த நாளில் நடத்துங்கள். அதற்குள் உங்கள் கணவருக்கும் புண் காய்ந்திருக்கும், அவரும் மனையருகே நின்று ஆசி சொல்லலாம். எதிர்ப்புச்சக்தி இல்லையென்றால் கதை வேறு. சின்னம்மை வெளியே தெரிய மூன்று வாரம்வரை ஆகும். எதிர்ப்புப் புரத ஊசி போட்டிருந்தால் நான்கு வாரம். அந்த இடைவெளியில் விருந்தினரைக் கூட்டினால், வளையல் போட வரும் வேறொரு கர்ப்பிணிக்கு அது போய்விடலாம். அப்போது ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

அடுத்து மாத்திரை. ஐந்து வேளை என்றால் அது 800 மில்லிகிராம் அசைக்ளோவிர் என்று நினைக்கிறேன். இந்த மருந்து நான்கு ஐந்து மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் பெரும்பகுதி போய்விடும், அதனால்தான் ஐந்து வேளை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று கைப்பேசியில் மணி வைத்துவிடுங்கள். ஏழு நாளும் முடிக்க வேண்டும். அவ்வளவு முடியாது என்றால் மருத்துவரிடம் சொல்லி, மூன்று வேளை மட்டும் போடும் வாலாசைக்ளோவிருக்கு மாற்றிக்கொள்ளலாம். நீங்களாகவே ஐந்தை மூன்றாகக் குறைப்பதுதான் தவறு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். நீங்கள் மறுநாளே அழைத்துப் போனீர்கள். நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை சூடு என்று உங்கள் அக்கா சொல்வதில் நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். பல வருடச் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் கடைசியாக எடுத்த சிறுநீரகப் பரிசோதனை முடிவை மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அவர் திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும். இளநீர் வேண்டாம், வெறும் தண்ணீரும் மோரும் போதும்.

காவியைப் பற்றி. குயவர் வீட்டுக்குப் போய்ப் புண்ணின்மேல் காவி மண்ணைப் பூசி அக்கி எழுதிக்கொள்வது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். இந்தக் கொப்புளத்தைக் கவனித்து அதற்கென்று ஒரு பெயரும் அவர்கள் வைத்திருந்தார்கள். அந்தக் கூர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் காவி இந்த வைரஸைத் தொடுவதில்லை. அக்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். எழுதியவர்களுக்கும் ஆறும், எழுதாதவர்களுக்கும் ஆறும். தோல் ஆறிய பிறகும் நரம்பில் வலி தங்கிவிடுவதுதான் இந்த நோயின் கொடுமை. மருந்தை நாள் கடத்தாமல் தொடங்கச் சொல்வது நோயின் கடுமையைக் குறைக்கத்தான். சர்க்கரை உள்ளவரின் திறந்த புண்ணில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். காவி மட்டுமல்ல, வேப்பிலை, மஞ்சள் என்று எதையும் அரைத்துப் பூச வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகுவதும், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் உங்கள் விருப்பம். மாத்திரைக்கு அவை குறுக்கே நிற்காது. அக்காவிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். தங்கையின் கணவர் நலத்துக்காகத்தான் அவர் தவிக்கிறார்.

வலியை அவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். சட்டை உரசினாலே மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்று என்னிடம் வரும் முதியவர்கள் சொல்வார்கள். மின்விசிறிக் காற்றுகூடத் தாங்காது. சாதாரண பாரசிட்டமால் போதாவிட்டால் நரம்பு வலிக்கென்றே காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தூக்கமில்லாமல் கிடக்கும் இரவுகளில் சர்க்கரையும் ஏறும்; இந்த வாரம் அதைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புண் ஆறி மூன்று மாதத்துக்கு மேலும் வலி இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு, விட்டுவிடக்கூடாது.

உங்கள் கணவருக்கு விலாவில் வந்தது. இதையே வேறு வாசகர் யாராவது நெற்றியில், கண்ணிமையில், மூக்கு நுனியில் கண்டால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். கண்ணின் பார்வையே போகலாம். காதில் கொப்புளம் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அப்படித்தான். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது உங்கள் உதட்டுக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வரும், மற்றபடி வியாதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொப்புளமும் ஹெர்பிஸ்தான். குடும்பத்தின் முதல் வகை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், யாரோ ஒரு அத்தையோ பாட்டியோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் உங்களுக்கு வந்திருக்கும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இது உண்டு. அதற்காக யாரும் உங்கள் நடத்தையைக் கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ரத்தப் பரிசோதனை உங்களுக்கு வேண்டாம். எடுத்தால் ‘ஹெர்பிஸ் இருக்கிறது’ என்றுதான் வரும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லாது.

உங்களைப் போலவே எனக்கு எழுதி, உண்மையிலேயே அந்தரங்கப் புண்ணாக இருந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வைரஸும் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் புண்ணாகத் தெரியலாம். இன்று புண் தெரிந்தால் நேற்று துரோகம் நடந்தது என்று அர்த்தமில்லை. மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள்.

உங்கள் உதட்டுக் கொப்புளத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், இரண்டு மாதத்தில் பிறக்கப்போகும் பேரக்குழந்தை. தாத்தாவின் அக்கி அதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். பாட்டியின் உதட்டுக் கொப்புளம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு அந்த வைரஸ் போனால் மூளையும் ஈரலும் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்து. உதட்டில் சுரசுரவென்று அரிப்பு தொடங்கும்போதே முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். புண் முழுதும் ஆறும்வரை முத்தம் வேண்டாம். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், உதட்டைத் தொட்ட விரல் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாது. உண்மையில் யார் விரலும் போகாமலிருப்பதே நல்லது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பொறுப்பை அந்த நாட்களில் வேறொருவரிடம் கொடுங்கள். பிள்ளையைப் பார்க்க வரும் உறவினருக்கும் இதே சட்டம். மாமியார் சொன்னால் கேட்பார்கள், மருமகள் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். பச்சைக்குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, தோலில் கொப்புளம் இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்று பெயர். இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 50 வயது தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கும் மேலான பாதுகாப்பு கொடுத்தது. சுகாதார அமைச்சு 2025 செப்டம்பரிலிருந்து இதை 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்து, தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்குக் கட்டணக் கழிவும் தருகிறது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். அக்கி ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்பதால் உங்கள் கணவரும் போட்டுக்கொள்ள வேண்டும். புண் ஆறி எத்தனை நாள் கழித்து என்பதை அவர் மருத்துவரே முடிவு செய்வார். உங்களுக்கு 61 வயது, நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஊசி போட்டால் கை இரண்டு நாள் வலிக்கும், காய்ச்சலும் வரலாம், அந்தக் காய்ச்சலில் உதட்டுக் கொப்புளமும் எழும்பலாம். அதனால் முதல் ஊசியை வளைகாப்பு முடிந்த கையோடு, குழந்தை வீட்டுக்கு வருவதற்கு நன்றாக முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.